குடியிருக்க வீடில்லாத கொடைக்கானல்

ஒரு படுக்கையறை. பள்ளத்தாக்கைப் பார்த்த கண்ணாடிச் சுவர், மரப்பலகைத் தளம், கீஸர், சிறிய சமையலறை, வாசலில் கார் நிறுத்த இடம். கொடைக்கானலில் வீடு தேடிக் கைப்பேசியைத் திறந்தால் இப்படிப்பட்ட வீடுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலோ பெங்களூரிலோ இதே அளவில், இதே வசதியோடு ஒரு வீடு பிடித்தால் மாத வாடகை பேசுவார்கள். கொடைக்கானலில் படத்துக்குக் கீழே போட்டிருக்கும் தொகை ஓர் இரவுக்கு உரியது.

சுற்றுலா வருகிறவருக்கு அதில் குறை ஒன்றுமில்லை. அந்த ஊரிலேயே வேலை பார்த்து, அந்த ஊரிலேயே படுத்து எழ வேண்டியவர்களுக்குத்தான் குறை. அரசு மருத்துவமனைக்கு மாற்றலாகி வரும் செவிலியர், பள்ளி ஆசிரியர், அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுபவர், ஹோட்டல் சமையலுக்குத் தேனியிலிருந்து ஏறி வந்தவர், வேன் ஓட்டுநர் எல்லோருக்கும் தேவைப்படுவது அதே ஒரு படுக்கையறை வீடுதான். கண்ணாடிச் சுவர் அவர்களுக்கு வேண்டாம். அடுப்பு வைக்க ஓர் இடமும், குழாயில் தண்ணீரும், அடுத்த சீசனுக்கும் இதே வீட்டில் இருப்போம் என்ற நிச்சயமும் போதும்.

அந்த நிச்சயம் ஏன் கிடைக்கவில்லை என்பதற்குப் பெரிய பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை. ஒரு சின்ன வீட்டை மாதம் 10,000 ரூபாய்க்கு விடலாம் என்று வைத்துக்கொள்வோம். அதே வீட்டைக் கொஞ்சம் மெருகேற்றி இரவுக்கு 3,000 ரூபாய் என்று விட்டால், நான்கே இரவுகளில் அந்த வாடகை கைக்கு வந்துவிடும். நான்கு இரவு என்றால் இரண்டு வார இறுதி. மாதத்தின் மீதி நாளெல்லாம் வீடு பூட்டிக் கிடந்தாலும் உரிமையாளருக்கு நட்டமில்லை. வீடு தேடுகிறவர் போட்டி போடுவது இன்னொரு குடித்தனக்காரரோடு இல்லை. சனிக்கிழமை இரவோடு போட்டி போடுகிறார். அந்தப் போட்டியில் சம்பளக்காரர் ஜெயிக்க வழியே கிடையாது.

கொடைக்கானலின் கட்டடப் பிரச்சினையை நாம் இத்தனை காலமும் காடு, மலை, நீர் பற்றிய பிரச்சினையாகவே பேசி வந்திருக்கிறோம். அது சரியான பேச்சுதான். ஆனால் யார் இங்கே வசிக்க முடியும் என்ற கேள்வியும் அதே பிரச்சினைக்குள் இருக்கிறது. மலையைக் குடைந்து எழும் ஆடம்பர வீடும், வீடு கிடைக்காமல் பெருமாள்மலைக்கும் பண்ணைக்காட்டுக்கும் இறங்கிப்போய்த் தினமும் பஸ் ஏறி வரும் ஊழியரும் ஒரே நில விலையின் இரண்டு விளைவுகள்.

விருந்தாளிகளுக்காகவே பிறந்த ஊர் இது என்பதை மறுக்க முடியாது. மதுரையில் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் பலரைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் இங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். சன்னிசைடு, ஷெல்டன் என்பவை அவற்றின் பெயர்கள். பெரியகுளம் பக்கத்திலிருந்து மலைப்பாதையில் அவர்களையும் அவர்களது மூட்டை முடிச்சுகளையும் தோளில் சுமந்து ஏற்றியவர்கள் அடிவாரத்து மக்கள். மதுரை ஆட்சியராக இருந்த வேரே லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். 1872-ல் கோக்கர்ஸ் வாக் வந்தது. 1899-ல் சூரிய ஆய்வகம் வந்தது. வத்தலக்குண்டிலிருந்து மோட்டார் ஏறும் சாலை முதல் உலகப் போர்க் காலத்தில் முழுமை பெற்றது. வெயில் காலத்துக்கு மட்டும் திறந்து, மற்ற மாதங்களில் காவலாளியின் பொறுப்பில் கிடக்கும் பங்களாக்கள் கொடைக்கானலுக்குப் புதியவை அல்ல.

புதியது எண்ணிக்கையும் வேகமும். அன்று பங்களா ஒன்றைச் சுற்றி ஏக்கர் கணக்கில் தோட்டம் இருந்தது, மரங்கள் இருந்தன. இன்று அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு காட்டேஜ் எழுப்புகிறார்கள். நகராட்சி எல்லைக்குள் இடம் நெருக்கமானதும் வில்பட்டி, பள்ளங்கி, பூம்பாறை என்று கட்டுமானம் ஊராட்சிகளுக்குள் பரவிவிட்டது. பூண்டும் கேரட்டும் பீன்ஸும் விளைந்த படிக்கட்டு வயல்களில் முக்கோணக் கூரை வீடுகள் நிற்கின்றன. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் மண்ணும் அந்த வயல்களைச் சேர்ந்ததுதான்.

ஆடம்பரத்துக்காக விதியை வளைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரிலேயே பெரும் சாட்சி ஒன்று உண்டு. பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கு. மலை நகரக் கட்டட விதிகளை மீறி எழுப்பிய கூடுதல் தளங்களுக்கு, விதியிலிருந்து விலக்கு அளித்து அன்றைய அரசு ஆணை போட்டது. அதை எதிர்த்துப் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் அரசின் விலக்கை ரத்து செய்தது. 1995-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விதிமீறிய தளங்கள் இடிக்கப்பட்டன. அந்த விலக்கு தொடர்பான ஊழல் வழக்கில், விலக்கு அளித்தபோது முதல்வராக இருந்த ஜெயலலிதாவுக்கு 2000 பிப்ரவரி 2 அன்று சிறப்பு நீதிமன்றம் ஓராண்டுத் தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தண்டனை அறிவித்த அன்று அதை எதிர்த்து நடந்த கலவரத்தில் தர்மபுரியில் பேருந்து கொளுத்தப்பட்டு, கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் உயிரோடு எரிந்தார்கள். மலை உச்சியில் சில தளங்களைக் காப்பாற்றுவதற்காகத் தொடங்கிய முறைகேடு சமவெளியில் மூன்று குடும்பங்களின் பிள்ளைகளைத் தின்று முடிந்தது.

அதற்குப் பிறகாவது ஊர் திருந்தியிருக்க வேண்டும். ஆனால் 1993-ல் வந்த முழுமைத் திட்டத்தைத் திருத்தி எழுதும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. அந்த இடைவெளியில் வீடு என்று அனுமதி வாங்கி விடுதி நடத்துவதும், அனுமதியே வாங்காமல் கட்டுவதும், ஒரு தளத்துக்கு வாங்கி மூன்று தளம் எழுப்புவதும் சாதாரணமாகிவிட்டன. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்ட பிறகு, விதிமீறிய கட்டடங்கள் என ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பட்டியலிடப்பட்டு, 2019-ல் நகராட்சி சீல் வைக்கத் தொடங்கியது. சுமார் 36,500 பேர் வசிக்கும் ஊரில் ஆயிரத்துக்கு மேல் விதிமீறல் என்றால், அதை ஒரு சிலரின் திருட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. கட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு பூட்டுப் போடும் நிர்வாகமும் அதில் பங்காளி. அஸ்திவாரம் தோண்டும்போது தடுத்திருந்தால் கடன் வாங்கிக் கட்டிய சிறிய உரிமையாளருக்கும் நட்டம் வந்திருக்காது, மலைச்சரிவுக்கும் காயம் ஏற்பட்டிருக்காது.

தண்ணீர்க் கணக்கையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கொடைக்கானலின் குடிநீர் மனோரஞ்சிதம் அணை உள்ளிட்ட சில நீர்த்தேக்கங்களை நம்பியிருக்கிறது. அவற்றுக்கு நீர் ஊறுவது சோலைக் காட்டிலும் புல்வெளியிலும். பழனி மலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு 1973 முதலான நாற்பது ஆண்டுகளில் மரத்தோட்டங்களாகவும் விளைநிலமாகவும் மாறிப் போய்விட்டது என்று 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஊற்று சுருங்கும் இடத்தில் நீர் கேட்பவர்கள் பெருகுகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் லாரித் தண்ணீர் வாங்கும் சக்தி ஆடம்பர காட்டேஜுக்கு உண்டு. பக்கத்துத் தெருவில் குடத்தோடு நிற்பவருக்கு இல்லை. இந்த மலை நீர் கீழே போய்ப் பழனிக்கும் பெரியகுளத்துக்கும் வயலாகவும் குடிநீராகவும் மாறுகிறது என்பதால், மேலே நடக்கும் கட்டுமானம் மேலே இருப்பவர்களின் விவகாரம் மட்டும் இல்லை.

குடித்தனக்காரரைக் காக்கச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. நடப்பு வேறு. மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் இன்றும் பேச்சு வார்த்தையிலேயே வாடகை நடக்கிறது. லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையின்றி இருக்கும் ஒத்தி முறையும் நடக்கிறது. எழுத்தில் எதுவும் இல்லாத குடித்தனக்காரரை "சீசன் வருது, வீட்டைக் காலி பண்ணிக் குடுங்க" என்று ஒரு வார்த்தையில் அனுப்பிவிடலாம். போய் முறையிடலாம் என்றால் கையில் ஒரு தாள் கிடையாது. வீடு தேடி வந்த முதல் நாளிலேயே ஒப்பந்தம் கேட்டால் வீடே கிடைக்காது என்ற பயமும் உண்டு.

இன்னொரு பக்கம், இரவு வாடகைக்குப் போன வீடு அந்தச் சட்டத்தின் கண்ணிலேயே படாது. அது வீடும் இல்லை, ஹோட்டலும் இல்லை என்ற இடைப்பட்ட நிலையில் நிற்கிறது. மின் இணைப்பு வீட்டுக்கு உரியதாக இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது. குடித்தனம் நடத்தும் குடும்பத்துக்காக வகுத்த சலுகை அது. அதே இணைப்பில் இரவுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் காட்டேஜ் ஓடினால், குடும்பங்களுக்கு ஒதுக்கிய காசில் கீஸர் சுடுகிறது என்றுதான் பொருள். சொத்து வரிக்கும் இதே நியாயம் பொருந்தும்.

இரவு வாடகை முழுவதையும் ஒழிக்க வேண்டும் என்று வாதிடுவது நேர்மையாகாது. பூம்பாறையிலோ மன்னவனூரிலோ தன் வீட்டில் ஒரு அறையை ஒதுக்கிக் கொடுத்து, விருந்தாளிக்குச் சோறும் ஆக்கிப் போடும் குடும்பத்துக்கு அந்த வருமானம் பெரிய ஆதரவு. பூண்டு விலை விழுந்த வருடத்தில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்து வரலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே விதியே இதைத்தான் மனதில் வைத்திருக்கிறது: உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும், ஆறு அறைகளுக்கு மேல் விடக் கூடாது. குடும்பம் வசிக்கும் வீட்டில் விருந்தாளி தங்கினால் அந்த வீடு ஊருக்குள்ளேயே இருக்கிறது. நள்ளிரவில் சத்தமாகப் பாட்டுப் போட்டால் கேட்க ஆள் உண்டு. குப்பையை ஓடையில் கொட்டினால் பக்கத்து வீட்டார் நாளை முகத்தில் விழிக்க வேண்டியவர் என்ற கூச்சமும் உண்டு.

ஹோம்ஸ்டே என்ற பெயர்ப் பலகையின் கீழ் நடப்பதில் பெரும்பகுதி இப்படிப்பட்டதல்ல. உரிமையாளர் சென்னையிலோ கொச்சியிலோ இருப்பார். நடத்துபவர் வருடக் கணக்கில் லீஸுக்கு எடுத்தவர். அவரும் கீழே இருப்பார். வீட்டில் இருப்பது மாதச் சம்பளத்துக்குச் சாவி கொடுத்து வாங்கும் ஒரு பையன் மட்டும். லீஸ் தொகையை எடுத்தாக வேண்டும் என்பதால் ஒரு இரவுகூட வீடு காலியாக இருக்கக் கூடாது. அதனால்தான் வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டியதுமே "ரூம் வேணுமா சார்" என்று கையை நீட்டிப் புரோக்கர்கள் வண்டியை மறிக்கிறார்கள். பட்டப் பகலில் வண்டிக்கு முன் ஓடும் அந்த இளைஞர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊரில் வேறு வேலை இல்லாத வரை அவர்கள் ஓடத்தான் வேண்டும்.

உலகில் வேறு ஊர்கள் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டி ஏதோ ஒரு முடிவுக்கு வந்திருக்கின்றன. நியூயார்க் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விடுவதென்றால் உரிமையாளரும் உடன் இருக்க வேண்டும், விருந்தாளிகள் இருவருக்கு மேல் கூடாது, நகராட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று விதித்தது. பார்சிலோனா இன்னும் கடுமை. அங்கே சுற்றுலாக் குடியிருப்புகளாக உரிமம் பெற்ற 10,101 வீடுகளின் உரிமத்தையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று மேயர் 2024-ல் அறிவித்தார்; உள்ளூர் மக்களுக்கு வாடகை கட்டுப்படியாகாமல் போனதுதான் அவர் சொன்ன காரணம். சுற்றுலாவால் வாழும் நகரம் அது. அப்படியிருந்தும், சொந்த மக்களை வெளியேற்றிவிட்டு விருந்தோம்பல் நடத்த முடியாது என்ற முடிவுக்கு வந்தது. கொடைக்கானலுக்குப் பார்சிலோனாவின் கடுமை தேவையில்லை என்றாலும், நியூயார்க் கேட்ட அடிப்படைக் கேள்வியை, அதாவது உரிமையாளர் அங்கே வசிக்கிறாரா என்பதை, இங்கேயும் கேட்கலாம்.

கேட்பதற்கான கருவி ஏற்கெனவே அரசின் கையில் இருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. "மஞ்சும்மல் பாய்ஸ்" படம் வந்து குணா குகையைப் பார்க்கக் கூட்டம் நெரித்த கோடை அது. அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்குள் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என்று நீதிமன்றம் வரம்பும் வைத்தது. வண்டிக்கு நான்கு பேர் என்று கொண்டாலும் ஒரு சனிக்கிழமை 24,000 பேர். 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மொத்த மக்கள்தொகை 36,501. வரம்புக்குட்பட்ட கூட்டமே இவ்வளவு என்றால், வரம்பில்லாத நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இ-பாஸ் வாகனங்களை எண்ணுவதோடு நிற்கிறது. ஆனால் அதைப் பதியும்போது எத்தனை நாள், எங்கே தங்கப் போகிறீர்கள் என்ற விவரமும் கேட்கப்படுகிறது. அந்தப் பதில்களை நகராட்சியின் உரிமப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே, எந்த முகவரியில் உரிமமில்லாமல் விடுதி நடக்கிறது என்பது ஒரே கோடையில் வெளிச்சத்துக்கு வந்துவிடும். புதிய அதிகாரியோ புதிய சட்டமோ இதற்குத் தேவையில்லை. சுற்றுலாத் துறை, நகராட்சி, மின்வாரியம் மூன்றும் தங்கள் பட்டியல்களை ஒரே மேசையில் வைத்தால் போதும். தகவல் கைக்கு எட்டியும் அதைக் கூட்டிப் பார்க்காமல் இருப்பதை நிர்வாகச் சோம்பல் என்று மட்டும் சொல்ல முடியாது. அதனால் யாருக்கு லாபம் என்று மக்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

பதிவு முடிந்ததும் அடுத்து வர வேண்டியது வேறுபாடு. தன் வீட்டில் வசித்துக்கொண்டு அறை விடும் உள்ளூர்க் குடும்பத்துக்கு எளிய, மலிவான உரிமம் கொடுக்கட்டும். அலைய விடாமல் கொடுக்கட்டும். வசிக்காமல் முழு வீட்டையும் இரவு வாடகைக்கு விடுபவர் விடுதி நடத்துபவராகவே கருதப்பட்டு, விடுதிக்குரிய கட்டட அனுமதி, மின்கட்டணம், வரி, கழிவுநீர் ஏற்பாடு எல்லாவற்றுக்கும் உட்படட்டும். அப்படிப் பெறும் கூடுதல் வரியில் ஒரு பகுதியை ஊழியர் குடியிருப்புக்கு ஒதுக்கலாம். ஆசிரியர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் ஆகியோருக்கு நியாயமான மாத வாடகையில் சிறு வீடுகள் கட்டித் தருவது எந்த மலை நகரத்துக்கும் ஆடம்பரமில்லை. வருடத்துக்கு மேல் எழுத்து ஒப்பந்தத்தில் உள்ளூர்க்காரருக்கு வீடு விடும் உரிமையாளருக்குச் சொத்து வரியில் சலுகை கொடுத்தால், வார இறுதியின் கவர்ச்சிக்கு ஓரளவு எதிர் எடையும் கிடைக்கும். கொடைக்கானலில் வாடகை ஒப்பந்தங்களைப் பதிய ஒரு சிறப்பு முகாம் நடத்துவது மாவட்ட நிர்வாகத்தால் உடனே ஆகக்கூடிய வேலை.

பழனி மலையின் ஆதிகுடிகளான பளியர்களையும் இந்தப் பேச்சில் விட்டுவிடக் கூடாது. எல்லோருக்கும் முன்பிருந்தே இந்தக் காட்டில் வாழ்பவர்கள் அவர்கள். அவர்களுடைய குடியிருப்புகளில் பட்டாவும் ஒழுகாத கூரையும் இன்னும் கோரிக்கையாகவே இருக்கும்போது, பக்கத்துச் சரிவில் கண்ணாடிச் சுவரோடு ஒரு வீடு எழுகிறது என்றால், நிலத்தைப் பங்கிடுவதில் எங்கோ பெரிய பிழை நடந்திருக்கிறது. முழுமைத் திட்டத்தில் முதல் வரியாக எழுத வேண்டியது அவர்களுடைய வீட்டை.

இந்தக் கோடையில் கொடைக்கானலுக்குப் போகத் திட்டமிடும் வாசகர்கள் பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: உரிமையாளர் அந்த வீட்டில் வசிக்கிறாரா? சுற்றுலாத் துறையிலோ உள்ளாட்சியிலோ பதிவு எண் இருக்கிறதா? பதில் வராத வீட்டில் தங்காதீர்கள். நகராட்சியும் மாவட்ட ஆட்சியரும் அடுத்த சீசன் தொடங்கும் முன் உரிமம் பெற்ற தங்குமிடங்களின் முழுப் பட்டியலை, வில்பட்டி முதல் மன்னவனூர் வரையிலான ஊராட்சிகளையும் சேர்த்து, தமிழில் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும்.